காசிமேட்டுக் கடையின் பழைய முகவரிகள்: ரீடைரக்ட் தவறிய ஒரு நிகழ்வு ஆய்வு

கடையும் அதன் பழைய தளமும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருக்கிற கடை அது. வலை, கயிறு, மிதவை, ஈயம், ஷேக்கிள், புரொப்பல்லர், கிளாண்ட் பேக்கிங், பெயின்ட் என்று படகுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். அறுபதைத் தாண்டிய உரிமையாளரும் அவர் மகளும் நடத்துகிறார்கள். கடையின் பெயரும் புதுத் தளம் செய்துகொடுத்த நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம், நடந்ததுதான் முக்கியம். நான் தண்டையார்பேட்டையில் இருந்தபடி சின்னச் சின்னக் கடைகளின் வெப்சைட்டுகளைப் பராமரித்துக்கொடுக்கிறவன். இந்த வேலைக்குள் நான் வந்தது நடுவில்தான், அதாவது சேதம் நடந்து முடிந்த பிறகு.

பழைய தளம் சொந்தக்காரப் பையன் ஒருவன் கல்லூரி படிக்கும்போது செய்தது. ஒரு பக்கம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் 31 தமிழ்க் கட்டுரைகள், இன்னொரு பக்கம் அவனே எழுதிய பிஎச்பி கேட்லாக்கில் 148 பொருட்கள். பார்க்க அழகாக இருக்காது, போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். ஆனால் அந்தக் கட்டுரைகள் உண்மையிலேயே நல்ல கட்டுரைகள். கடை மூடுகிற நேரத்தில் மகள் அப்பாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியவை. வலைக் கண்ணியின் அளவை எப்படிப் பார்ப்பது, அறுந்த கயிறை முடிச்சுப் போடாமல் எப்படிப் பின்னி இணைப்பது, புரொப்பல்லர் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகிற இடத்தில் இருக்கும் கிளாண்ட் வழியாகத் தண்ணீர் சொட்டினால் எந்த அளவு வரை பயப்பட வேண்டாம், இப்படி. நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் பழவேற்காட்டிலும் இருக்கிறவர்கள் இதையெல்லாம் கூகுளில் தேடி, படித்துவிட்டு, அப்படியே கடைக்குப் போன் போடுவார்கள்.

கடையில் ஒரு நோட்டு உண்டு. வருகிற போன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, என்ன கேட்டார், எந்த ஊர் என்று. நெட்டில் பார்த்துவிட்டு அழைத்தேன் என்று சொன்னால் ஓரத்தில் பேனாவால் ஒரு நட்சத்திரம். அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்த ஆய்வில் பாதி விஷயம் தெரிந்திருக்காது.

மார்ச்சில் நடந்தது

புதுத் தளம் வேண்டும் என்று முடிவெடுத்தது நியாயமான முடிவுதான். போனில் படிக்க முடியாத தளத்தை வைத்துக்கொண்டு இனிமேல் ஓட்ட முடியாது. வேலையை எடுத்த நிறுவனமும் தளத்தை நன்றாகவே செய்திருந்தது, படங்கள் பளிச்சென்று, விலை விசாரிக்க வாட்ஸ்அப் பட்டன் எல்லாம் வைத்து. டொமைன் பெயர் மாறவில்லை. உள்ளே இருந்த பக்கங்களின் முகவரிகள் மட்டும் எல்லாமே மாறின. கேட்லாக்கில் முன்பு ‘ஐடி=17’ என்று எண்ணால் இருந்தது, இப்போது பொருளின் பெயரால் ஆனது. தமிழ்க் கட்டுரைகளை ‘யாரும் படிக்க மாட்டார்கள்’ என்று விட்டுவிட்டார்கள். பழைய லிங்க் எதைத் தட்டினாலும் முகப்புப் பக்கத்துக்குப் போகும்படி ஒரே ஒரு வரியில் ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் கட்டளை) போட்டு, மார்ச் இரண்டாவது வாரம் தளத்தை ஏற்றிவிட்டார்கள்.

அந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கரையில் ஏற்றி மராமத்து பார்ப்பார்கள். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, ஷாஃப்ட் கழற்றுவது, வலை கட்டுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். ஆக மார்ச் கடைசியிலிருந்து மே வரை இந்தக் கடைக்குத் தீபாவளி மாதிரி. தடைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்னால் எல்லா முகவரிகளையும் மாற்றியிருக்கிறார்கள்.

போன் நின்றது

ஏப்ரல் முதல் வாரம் உரிமையாளரே கூப்பிட்டார். “இன்னாப்பா இது, தடைக்காலம் வருது, ஒரு போன் அடிக்க மாட்டேங்குது” என்றார். பிறகு மகள் போனை வாங்கி, “அண்ணா, புது வெப்சைட்டே வேணாம், பழசைப் போடச் சொல்லுன்றாரு நைனா. நீங்க வந்து ஒரு தடவை பாருங்களேன்” என்றாள்.

போய் நோட்டைப் புரட்டினேன். போன வருடம் இதே நாட்களில் ஒரு பக்கத்துக்கு எட்டு, பத்து நட்சத்திரம். இந்த வருடம் ஒன்று, இரண்டு, சில நாள் அதுவும் இல்லை. முதலில் டீசல் விலை, அப்புறம் கடலில் பாடு சரியில்லை என்று கடையில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நேரில் வருகிற கூட்டம் மட்டும் குறையவில்லை. குறைந்தது வெளியூர் போன்தான், அதிலும் நட்சத்திரம் போட்டவை. அப்படியென்றால் கோளாறு கடலில் இல்லை, தளத்தில் இருக்கிறது.

என்ன பார்த்தேன்

முதலில் கூகுளில் ‘வலைக் கண்ணி அளவு’ என்று தேடினேன். கடையின் பழைய கட்டுரை இன்னமும் இரண்டாவது பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டினால் முகப்புப் பக்கம் வருகிறது, கட்டுரை இல்லை. நாகையில் படகில் உட்கார்ந்து தேடுகிற ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்வார்? திரும்பிப் போய் அடுத்த லிங்க்கைத் தட்டுவார்.

கர்ல் என்ற கட்டளையால், பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்புகிற ஹெடர் தகவலை மட்டும் எடுத்துப் பார்த்தபோது மூன்று விஷயம் தெரிந்தது.

முதலாவது, வருகிற பதில் 302. அது தற்காலிக மாற்றத்துக்கான எண், நிரந்தரமாக இடம் மாறியதற்கு 301 அல்லது 308 கொடுக்க வேண்டும். 302 கொடுத்தால் கூகுள் புது முகவரியை ஏற்கவே ஏற்காது என்றில்லை. ஆனால் 301 புது முகவரிதான் உண்மையான முகவரி என்பதற்கு வலுவான அடையாளம், 302 பலவீனமான அடையாளம். 301 போட்டால் பக்கத்தின் மதிப்பில் கொஞ்சம் கரைந்துவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், அந்தப் பயமும் தேவையில்லை. 301, 302 என்று 30-ல் தொடங்குகிற ரீடைரக்ட் எதிலும் பேஜ்ரேங்க் எனப்படும் அந்த மதிப்பு குறையாது என்று கூகுளின் கேரி இல்யஸ் 2016-லேயே சொல்லிவிட்டார்.

இரண்டாவதுதான் பெரிய தப்பு. எல்லாப் பக்கத்தையும் முகப்புக்கு அனுப்பியது. கேட்டது ஒன்று, கிடைப்பது சம்பந்தமே இல்லாத இன்னொன்று என்றால் கூகுள் அதை ரீடைரக்டாக மதிக்காது, ‘சாஃப்ட் 404’ என்று வைத்துக்கொள்ளும். பக்கம் செத்துவிட்டது என்று அர்த்தம். தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டுகிற சர்ச் கன்சோலைத் திறந்தால் அந்தப் பட்டியல் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயிருந்தது.

மூன்றாவது, தாவல்கள். பழைய தளம் எச்டிடிபியில், முன்னால் மூன்று டபிள்யூ வைத்து இருந்தது. அது முதலில் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் தாவி, அங்கிருந்து டபிள்யூ இல்லாத பெயருக்குத் தாவி, பிறகு முகப்புக்குத் தாவியது. பக்கங்களைப் படித்துச் செல்கிற கூகுளின் நிரலான கூகுள்பாட் 10 தாவல் வரை பின்தொடரும் என்பது உண்மைதான், ஆனாலும் ஒன்றில் முடிகிற வேலைக்கு எதற்கு மூன்று?

இதெல்லாம் போதாதென்று, தேடல் நிரல்கள் எங்கே வரலாம் என்று சொல்கிற ரோபோட்ஸ் கோப்பில் பழைய கேட்லாக் ஃபோல்டருக்குத் தடை போட்டிருந்தார்கள், பழைய பக்கங்கள் கூகுளில் வரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில். தடை போட்ட கதவை கூகுள்பாட் தட்டவே தட்டாது. தட்டாவிட்டால் உள்ளே இருக்கிற ரீடைரக்ட் அதன் கண்ணில் படாது. இந்தத் தப்பை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

பழைய முகவரிகளைச் சேகரித்தது

பழைய தளத்தைத் திரும்ப ஏற்றலாமா என்று உரிமையாளர் மறுபடி கேட்டார். யோசித்தோம். புது முகவரிகளையும் ஒரு மாதமாகக் கூகுள் பார்த்துவிட்டது, வாட்ஸ்அப்பில் சில வாடிக்கையாளர்களுக்குப் புது லிங்க்கும் போய்விட்டது. பின்னால் போனால் இன்னொரு முறை எல்லாம் மாறும். அதனால் புதுத் தளம் இருக்கட்டும், பழைய முகவரிகளைப் பக்கம் பக்கமாகச் சரியான இடத்துக்கு அனுப்புவோம் என்று முடிவு செய்தோம்.

அதற்குப் பழைய முகவரிகளின் முழுப் பட்டியல் வேண்டும், யாரிடமும் இல்லை. நான்கு இடங்களிலிருந்து பொறுக்கினோம். சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் 16 மாதத் தரவு இருக்கும், அதில் போன வருடத் தடைக்காலமும் வந்துவிடும், அதுதான் பெரிய லாபம். எந்தப் பக்கத்துக்கு எந்த மாதம் எவ்வளவு கிளிக் என்று அங்கேயே பார்க்கலாம். அடுத்தது சர்வரின் அக்சஸ் லாக், அதில் இன்றைக்கும் எந்தப் பழைய முகவரியை யார் கேட்கிறார்கள் என்று தெரியும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற வேபேக் மெஷினில் பழைய சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்) ஒன்று கிடைத்தது. நான்காவது, தளம் செய்த பையன். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான். வீட்டில் அலமாரியில் ஒரு பென் டிரைவ் இருக்கும் என்று சொன்னான், இருந்தது. 31 கட்டுரையும் படங்களோடு அதற்குள் பத்திரமாக இருந்தன. மகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எதை எங்கே அனுப்புவது

ஷீட்டில் மூன்று பத்தி போட்டோம்: பழைய முகவரி, அங்கே வந்தவர் எதைத் தேடி வந்தார், அதற்குப் பதில் இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறது. நடுப்பத்தியை நிரப்பியது நானில்லை, உரிமையாளர்தான். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றுக்கும் சொன்னார். “இதைக் கேக்கறவன் பைபர் போட்காரன், அவனுக்கு இந்தக் கயிறு ஆவாது, அதைக் காட்டு” என்று அவர் சொன்ன இடங்களில் எல்லாம் நான் பெயரைப் பார்த்துத் தப்பான பக்கத்தைத்தான் வைத்திருந்தேன்.

கட்டுரைகளை எங்கேயும் அனுப்பக்கூடாது, திரும்ப ஏற்ற வேண்டும் என்பது முதல் முடிவு. அவற்றுக்கு ஈடான பக்கம் புதுத் தளத்தில் இல்லவே இல்லை, இல்லாத ஒன்றுக்கு ரீடைரக்ட் போட முடியாது. அதே பழைய முகவரியிலேயே வைத்திருந்தால் ரீடைரக்டே தேவைப்பட்டிருக்காது, அதுதான் சிறந்த வழி. ஆனால் புதுத் தளத்தின் மென்பொருள் முகவரியில் தமிழை ஏற்காது, ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் மட்டும்தான். சரி, புது முகவரியில் ஏற்றி ஒன்றுக்கு ஒன்று 301 போடலாம் என்று இறங்கி வந்தோம்.

கேட்லாக்கில் இருந்த 148-ல் 96 பொருளுக்கு நேரான பக்கம் இருந்தது. 38 பக்கங்கள் ஒரே பொருளின் வெவ்வேறு அளவுகள், புதுத் தளத்தில் ஒரே பக்கமாகச் சேர்த்திருந்தார்கள், அவற்றை அந்தச் சேர்ந்த பக்கத்துக்கு அனுப்பினோம். இந்த முடிவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். மீதி 14 பொருள் இப்போது விற்பதே இல்லை. அவற்றுக்கு 410 (பக்கம் நிரந்தரமாக எடுக்கப்பட்டது என்ற எண்) கொடுத்து, இந்தப் பொருள் இப்போது இல்லை, கடைக்குப் பேசுங்கள் என்று போன் நம்பரோடு ஒரு பக்கம் வைத்தோம். கிடைக்காத சரக்கைத் தேடி வந்தவரைச் சம்பந்தமில்லாத இடத்துக்குத் தள்ளுவதை விட இல்லை என்று சொல்வது மரியாதை.

படங்களையும் விடவில்லை. படகில் வேலை செய்கிறவர்களுக்கு உடைந்த பாகத்தின் பெயர் பல நேரம் தெரியாது, கூகுளில் படம் படமாகத் தள்ளிப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பழைய படங்களின் முகவரிகளும் தேடலில் கணிசமாக வந்திருந்தன, அவற்றையும் புதுப் படங்களுக்குத் திருப்பினோம்.

சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்துக்கென்று ஒரு கருவி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று நிறுவனத்தில் ஒருவர் கேட்டார். அது டொமைன் மாறும்போது மட்டும்தான், ஒரே டொமைனுக்குள் பக்கங்கள் இடம் மாறினால் உதவாது.

விதி எழுதும்போது சிக்கியவை

சர்வர் மென்பொருள் அப்பாச்சி. கேள்விக்குறிக்குப் பிறகு வருவதை சாதாரண ரீடைரக்ட் கட்டளை பார்க்காது, அதனால் கேட்லாக்குக்கு, முகவரியை மாற்றி எழுதுகிற ரீரைட் விதிகள் எழுத வேண்டியிருந்தது. முதலில் ‘ஐடி=1’ என்று மட்டும் எழுதினேன். சோதித்தால் நங்கூரம் கேட்டவர் கயிறுப் பக்கத்தில் போய் நிற்கிறார். காரணம், நங்கூரத்தின் எண் 17, அதற்குள்ளும் ‘ஐடி=1’ இருக்கிறதே! 1-க்கான விதி 10 முதல் 19 வரையும் 100 முதல் 148 வரையும் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. முன்னால் ^ குறியும் பின்னால் $ குறியும் வைத்து இரண்டு பக்கமும் கட்டிய பிறகுதான் சரியானது. அப்புறம், பழைய கேள்விக்குறிப் பகுதி புது முகவரியின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வந்தது, அதை வெட்டுவதற்கென்று விதியின் முடிவில் சேர்க்கிற ஒரு கொடி (ஃபிளாக்) இருக்கிறது, சேர்த்தோம்.

தமிழ் முகவரிகள்தான் ஒரு முழு நாளைத் தின்றன. ‘வலைக் கண்ணி அளவு எப்படிப் பார்ப்பது’ என்ற கட்டுரைக்குத் தலைப்பை அப்படியே கோடு போட்டு எழுதி விதி வைத்தேன், வேலை செய்யவில்லை. எழுத்துப்பிழையா என்று நான்கு முறை பார்த்தேன். பிறகு லாக்கில் இருந்த முகவரியை எடுத்து அவிழ்த்துப் பார்த்தால் ‘வலைக்-கண்ணி-அளவு-எப்படிப’ என்று நிற்கிறது. கடைசி ப-வுக்குப் புள்ளி இல்லை, ‘பார்ப்பது’ என்ற சொல்லே இல்லை. வேர்ட்பிரஸ் முகவரித் துண்டை 200 குறிகளோடு வெட்டிவிடும். முகவரியில் தமிழ் எழுத்து சதவீதக் குறிகளாகக் குறியாக்கம் செய்யப்படும், ஒரு ‘ப’ அப்படி %E0%AE%AA என்று ஒன்பது குறி ஆகிறது, அதன் மேல் வைக்கிற புள்ளி இன்னொரு ஒன்பது. ‘எப்படிப’ வரை 192 ஆகிவிட்டது, புள்ளி சேர்ந்தால் 201, இடமில்லை. நீளமான தலைப்பு வைத்த கட்டுரைகள் எல்லாமே இப்படிப் பாதியில் அறுந்திருந்தன. ஆகவே தலைப்பை நம்பி விதி எழுதக்கூடாது, லாக்கிலும் சர்ச் கன்சோலிலும் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, அப்பாச்சி முகவரியை அவிழ்த்த பிறகே விதியோடு ஒப்பிடும். விதியில் சதவீதக் குறிகளாக எழுதினால் பொருந்தாது, தமிழ் எழுத்தாகவே எழுதி யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முதல் இரண்டு நாள் 302-ஆகவே வைத்துச் சோதித்தோம். பிரவுசர் 301-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளும், தப்பான இடத்துக்கு 301 போட்டுவிட்டு நாம் திருத்தினாலும் ஒருமுறை வந்தவரின் போன் பழைய தப்பையே திரும்பச் செய்யும். பட்டியல் முழுவதையும் ஒரு சின்ன நிரலில் ஓட்டி, ஒவ்வொன்றும் ஒரே தாவலில் எதிர்பார்த்த இடத்தில் 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது என்ற எண்) கொடுக்கிறதா என்று பார்த்த பிறகு 301-ஆக மாற்றினோம். ரோபோட்ஸ் தடையை எடுத்தோம், சைட்மேப்பைப் புதுப்பித்தோம், தளத்துக்குள் இருந்த லிங்க்குகளையும் நேராகப் புது முகவரிக்கே மாற்றினோம். அன்றைக்கு ஏப்ரல் மாதக் கடைசி, தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் போய்விட்டது.

அதன் பிறகு

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. உரிமையாளர் தினமும் கேட்டார், நானும் தினமும் பொறுங்கள் என்றேன், சொல்வதற்கு வேறு எதுவும் என்னிடம் இல்லை. கூகுள்பாட் ஒவ்வொரு பழைய முகவரிக்கும் மறுபடி வந்து பார்த்தால்தான் விஷயம் அதற்குத் தெரியும், அதை அவசரப்படுத்த முடியாது. லாக்கில் அது வந்து 301 வாங்கிக்கொண்டு போவதைப் பார்ப்பது மட்டும்தான் அந்த நாட்களில் எனக்குத் தைரியம்.

மே நடுவில் கட்டுரைகள் ஏறின. கயிறு பின்னுகிற கட்டுரை முதலில் வந்தது, அப்புறம் கண்ணி அளவு. நோட்டில் நட்சத்திரம் மூன்று, நான்கு, ஆறு என்று கூடியது. மகள் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், “அண்ணா, ராமேஸ்வரம்!” என்று மட்டும் எழுதி. நேரான பக்கம் இருந்த 96 பொருட்களில் பெரும்பாலானவை ஜூன் தொடக்கத்தில் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. இதையெல்லாம் போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடத்தின் அதே வாரங்களோடு ஒப்பிட்டோம், இல்லாவிட்டால் தடைக்காலத்தில் தானாகக் கூடுகிற தேடலை நம் திருத்தத்தின் பலன் என்று நினைத்திருப்போம்.

திரும்பி வராதவையும் உண்டு. ஒரே பக்கத்தில் சேர்த்த அந்த 38 பக்கங்கள். ‘12 எம்எம் கயிறு’ என்று தேடியவருக்குப் பழைய தளத்தில் 12 எம்எம் மட்டும் பேசுகிற பக்கம் இருந்தது. புதுப் பக்கத்தில் எல்லா அளவும் ஒரு கீழ்விரி பட்டியலுக்குள் ஒளிந்திருந்தது, தலைப்பில் அளவே இல்லை. ரீடைரக்ட் சரியாகத்தான் வேலை செய்தது, போய்ச் சேர்ந்த பக்கத்தில் பதில் இல்லை. ஜூலையில் அதிகம் கேட்கப்படுகிற அளவுகளுக்குத் தனிப் பக்கம் செய்து, அந்த ரீடைரக்டுகளை மட்டும் புதுப் பக்கங்களுக்கு மாற்றினோம். சில மீண்டன, சில அதற்குள் வேறு கடைகளின் பக்கங்களுக்குக் கீழே போய்விட்டன.

ஆனாலும் அந்த வருடத் தடைக்காலத்தின் முதல் பாதி போனது போனதுதான். மார்ச் கடைசியில் விசாரித்து ஏப்ரலில் சரக்கு எடுக்கிற வெளியூர்ப் படகுக்காரர்கள் வேறு எங்கோ வாங்கிவிட்டார்கள். சிலர் பழைய வாடிக்கையாளர்கள்.

இன்னொரு முறை செய்தால்

நேரம் முதலில். இந்தக் கடைக்கு முகவரி மாற்றம் செய்ய ஆகஸ்ட், செப்டம்பர்தான் ஏற்ற காலம். தப்பு நடந்தாலும் அடுத்த தடைக்காலத்துக்குள் மீள ஆறு மாதம் கிடைக்கும். ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு மந்தமான காலம் உண்டு, கடைக்காரரிடம் கேட்டால் உடனே சொல்வார். யாரும் கேட்கவில்லை.

பழைய முகவரிப் பட்டியலைத் தளம் மாறுவதற்கு முன்னால் எடுத்திருப்பேன். பழைய தளம் உயிரோடு இருக்கும்போது அது அரை நாள் வேலை. செத்த பிறகு பென் டிரைவ் தேடுகிற வேலை ஆகிறது. எந்தப் பக்கத்தையும் யாரும் படிப்பதில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் சர்ச் கன்சோலில் அந்த ஒரு பக்கத்தின் எண்ணைப் பார்த்திருப்பேன். அளவு வாரியான பக்கங்களைச் சேர்க்க விட்டிருக்க மாட்டேன், அந்த முடிவை ஏப்ரலில் நானும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டேன், அது என் தவறு.

ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நாங்கள் எடுப்பதாகவே இல்லை. கடையின் பழைய பில் புத்தகங்களில், வாட்ஸ்அப் குழுக்களில், யாரோ ஒரு படகுக்காரரின் போனில் அந்த முகவரிகள் இன்னும் இருக்கின்றன. மாதம் ஒருமுறை அந்த நிரலைத் திரும்ப ஓட்டுகிறேன். ஷீட்டின் ஒரு பிரதி மகளிடம் இருக்கிறது, ஒரு பிரதி புதுத் தளம் செய்த நிறுவனத்திடம் இருக்கிறது, ஒரு அச்சுப் பிரதியை உரிமையாளர் அந்த நோட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறார்.